இருவாச்சி வீட்டு வாசல்

ஒரு காட்டில், மழை விட்ட பிறகும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும் மலைக்காட்டில், செம்பட்டை என்றொரு மலையணில் இருந்தது. தங்கமான மனசு அதற்கு. ஆனால் எதையாவது பார்த்து வியந்துவிட்டால் போதும், தலைகால் புரியாது.

அந்த வருஷம் பெரிய நாவல் மரத்துப் பொந்தில் பெரிய வளைந்த அலகுள்ள ஓர் இருவாச்சிப் பறவை மனைவியோடு குடிவந்தது. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். முட்டையிடும் காலம் வந்ததும் அம்மா பொந்துக்குள் போய் வாசலை மண்பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் திறந்திருக்கும். குஞ்சு வளரும்வரை அப்பாதான் பழம் பறித்து வந்து அந்தக் கீறல் வழியாக ஊட்ட வேண்டும். அப்பா வராவிட்டால் உள்ளே பட்டினிதான்.

வாசல் அடைபடுவதற்கு முதல் நாள், அப்பா இருவாச்சி அக்கம்பக்கமெல்லாம் போய்ச் சொன்னது.

"மூணு மாசத்துக்கு எங்க மரத்துப் பக்கம் யாரும் வராதீங்க. யாராவது பார்த்துக்கிட்டிருந்தா நான் பொந்துகிட்டப் போகமாட்டேன். இடம் வெளியே தெரிஞ்சா குஞ்சுக்கு ஆபத்து. எங்க குலத்து வழக்கம் இது."

எல்லோரும் சரி என்றார்கள். செம்பட்டை எல்லோரையும்விட வேகமாகத் தலையாட்டியது.

கரடி மட்டும் முணுமுணுத்தது. அதற்கு ரொம்பப் பிடித்த கரையான் புற்று அந்த நாவல் மரத்தடியில்தான் இருந்தது.

"உன் மூக்கைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வருது. உன் குரலைக் கேட்டா தூக்கம் போகுது. இதுல உனக்காக நான் மலையைச் சுத்திப் போகணுமா? சரி, போ," என்றது.

மாதம் ஒன்று போயிற்று. முட்டை பொரிந்து, குஞ்சின் கத்தல் பக்கத்து மரம்வரை கேட்க ஆரம்பித்தது. செம்பட்டைக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு பார்வைதானே என்று இலைமறைவில் ஒளிந்து எட்டிப்பார்த்தது.

அப்பா இருவாச்சி கொட்டுகிற மழையில் தெப்பமாக நனைந்து வந்தது. தொண்டைக்குள் சேர்த்து வைத்திருந்த அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் நீட்டியது. தனக்கென்று ஒரு பழம்கூட வைத்துக்கொள்ளவில்லை. செம்பட்டைக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் கதை இல்லை. அது நேரே ஊர் கூட்டக் கிளம்பியது.

மறுநாள் காலை நாவல் மரத்துக்கு எதிர்க்கிளையில் மந்திகள், மைனாக்கள், கீழே முயல்கள் என்று திருவிழாக் கூட்டம். "இப்ப வருவார் பாருங்க, அப்பான்னா அவர்தான் அப்பா," என்று செம்பட்டை இடம் பிடித்துக் கொடுத்தது.

இருவாச்சி வந்தது. கூட்டத்தைக் கண்டது. இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் தூரத்துப் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"தன்னடக்கம்," என்றது செம்பட்டை, மந்தியிடம்.

சாயங்காலம் இருவாச்சி செம்பட்டையைத் தேடி வந்தது. "தம்பி, கொஞ்சம் கலைஞ்சு போகச் சொல்லுப்பா. உள்ளே காத்துக்கிட்டிருப்பாங்க."

"அண்ணே, உங்க அருமை உங்களுக்குத் தெரியாது. காடே உங்களைப் பார்க்கத் துடிக்குது. ஒரு தடவை எங்க முன்னால ஊட்டிட்டா, நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்."

இருவாச்சி பாறைக்கே திரும்பிப் பறந்து போயிற்று. கூட்டம் இரவும் அங்கேயே தங்கியது. மறுநாளும் தங்கியது.

மூன்றாம் நாள் விடிந்தபோது குஞ்சின் கத்தல் கேட்கவில்லை. செம்பட்டை மெல்லக் கீறல் அருகே போய்க் காதை வைத்தது.

"யாரது? அவர் எங்கே?" உள்ளிருந்து அம்மா இருவாச்சியின் குரல் தேய்ந்து வந்தது.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் மாதிரி இந்தக் காட்டிலேயே ஒருத்தர் கிடையாது. எங்களுக்கெல்லாம் அவர் மேல எவ்வளவு..."

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. குழந்தைக்குப் பசி. கண்ணே திறக்க மாட்டேங்குது."

 தான் வேகவேகமாகத் தலையாட்டியது செம்பட்டைக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஓடிவந்து கூட்டத்தைப் பார்த்து, "கிளம்புங்க. நான்தான் தப்புப் பண்ணிட்டேன், கிளம்புங்க," என்று கெஞ்சியது. மந்திகள் திட்டிக்கொண்டே போயின. கடைசியில் தானும் மலைச்சரிவில் இறங்கி ஓடியது.

அங்கே சுற்றுவழியில் கரடி மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்கும் இருவாச்சின்னா அவ்வளவு பிரியமா? புற்றைக்கூட விட்டுட்டுச் சுத்திப் போறீங்களே."

"பிரியமா? அந்த மூக்கு மேலயா?" என்றது கரடி. "அவன் வீட்டு வாசல். வராதேன்னான், வரலை. இதுல கேக்க என்ன இருக்கு?"

 செம்பட்டை கரடி பக்கத்தில், நாவல் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. திரும்பிப் பார்க்க உடம்பெல்லாம் துடித்தது. வாலைத் தானே கடித்துக்கொண்டு அடக்கிக்கொண்டது.

வெகுநேரம் கழித்துத் தலைக்கு மேல் புஸ் புஸ் என்று பெரிய இறக்கைச் சத்தம் போயிற்று. பிறகு அமைதி. அப்புறம் நாவல் மரத்திலிருந்து ஒரு சின்னக் கத்தல், அதையடுத்து இன்னொன்று. செம்பட்டை திரும்பாமலே அழுதது.

மீதி நாட்களில் அது அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மண்வாசல் உடைந்த நாளைக்கூட அது பார்க்கவில்லை. ஒருநாள் காலை அதன் கிளை கனத்து ஆடியது. கண்ணைத் திறந்தால் அப்பா, அம்மா, நடுவில் பெரிய மூக்கோடு ஒரு குஞ்சு.

"பக்கத்து வீட்டு மாமாவைப் பார்க்கணும்னான், கூட்டிவந்தோம்," என்றது அப்பா இருவாச்சி.

குஞ்சு வாயைத் திறந்து காடே அதிரக் கத்தியது. நாவல் மரத்தடியில் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரடி, "வந்துட்டானா அடுத்தவன்," என்று காதைப் பொத்திக்கொண்டது.

நீதி: ஒருவரை வியந்து பார்ப்பது நம் மகிழ்ச்சிக்கு, அவர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்படுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.