தின்ற புல்லைத் திருப்பிக் கேட்டவர்

ராமநாதபுரத்திலிருந்து மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டிவந்தாள் மூக்கம்மா. அறுத்த வயலில் இறங்கிப் புல் தின்றதென்று அவளுடைய ஆடுகளையெல்லாம் பண்ணையார் சிவசிதம்பரம் பட்டியில் அடைத்துவிட்டார். குட்டிகள் தாகத்தில் கத்த, அவள் பட்டிக்கு ஓடிவந்தாள்; வேடிக்கை பார்க்க ஊரும் கூடிவிட்டது.

“தின்ன புல்லைத் திருப்பிக் குடு, ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போ” என்றார் பண்ணையார்.

“அதுக அப்பவே திருப்பிக் குடுத்திருச்சுகளே, ஐயா! வயலு முழுக்கப் புழுக்கையாக் கெடக்கு. வேணாம்னா கூட்டி அள்ளிப் பக்கத்து வயலுக்குக் குடுத்திர்றேன்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எருவுக்கு அலைகிற பாடு பண்ணையாருக்கல்லவா தெரியும்!

“கூட்டாதே!” என்றார் அவசரமாக.

“அப்ப உங்க வயல்லயே பத்து நாள் ராத்திரி ஆட்டை அடைச்சுக் கிடை போடுறேன். ஆட்டுக்குப் புல்லு, உங்களுக்கு எரு, எனக்குத் தினம் ரெண்டு படி நெல்லு.”

“ஒரு படி.”

“ஒண்ணரை, ஐயா.”

பண்ணையாரே பட்டியைத் திறந்துவிட்டார். மறுவருஷம் ஆடுகள் வரத் தாமதமானபோது, ஆள் அனுப்பித் தேடியவரும் அவர்தான்.