நரிக்கு மிச்சமான இருபது எட்டு

மலையடிவாரத்தில் வெள்ளரிக்காய்போல் நீண்டு ஒடுங்கிய குளம் ஒன்று இருந்தது. அதன் மலைப்பக்கக் கோடியில் செங்குத்துப் பாறை; அங்கே வழி கிடையாது. அந்தப் பாறையை ஒட்டி இந்தக் கரையில் நரியின் வளை. நேர் எதிர்க்கரையில் மருந்து தரும் கீரியின் பொந்து. கீரி தும்மினால் நரிக்குக் கேட்கும். ஆனால் குளத்துக்குள் முதலை! கீரியிடம் போக, குளத்தின் மறுகோடிவரை போய்ச் சுற்றி நடக்க வேண்டும்.

ஒருநாள் யானை எல்லா விலங்குகளையும் கூட்டியது. “காற்றில் மருதமரம் ஒன்று சாய்ந்திருக்கிறது. பாலமாகப் போடலாம். எங்கே போடட்டும்?” என்று கேட்டது.

“குளத்துக்குக் குறுக்கே, நரியண்ணன் வளைக்கும் கீரி பொந்துக்கும் நடுவில் போடுங்கள்! எல்லாருக்குமே நடை பாதியாகக் குறையும்!” என்றது முயல்.

நரி பதறியது. அதற்கு வேறு கணக்கு. தினமும் நண்டு பிடிக்கப் போகும் வழியில் ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. அதைச் சுற்றிப் போவதில் இருபது எட்டு நடை வீண்!

“ஐயோ! குளத்தின் மேல் போட்டால் முதலை அதில் ஏறி நம் வீட்டுக்கே வந்துவிடும்! பேசாமல் சேற்றுப் பள்ளத்தின் மேல் போடுங்கள்!” என்றது.

முதலை என்றதும் எல்லாம் பயந்து தலையாட்டின. மரம் பள்ளத்தின் மேல் விழுந்தது. நரி பள்ளத்தைச் சுற்றாமல் போய் நண்டு தின்றது.

பத்தாம் நாள், நரிக்குட்டியைத் தேள் கொட்டிவிட்டது! குட்டி துடித்தது. அதைக் கவ்விக்கொண்டு நரி ஓடியது. மருதமரத்தைத் தாண்டியது. இருபது எட்டு மிச்சம்! மீதி இரண்டாயிரம் எட்டு அப்படியே இருந்தது.

எதிர்க்கரையிலிருந்து அதைப் பார்த்த கீரி, பச்சிலையோடு தானும் ஓடிவந்தது. குளக்கோடியில் இரண்டும் சந்தித்தன. நரிக்கு நாக்குத் தள்ளியது. கீரி பச்சிலைச் சாற்றைப் பிழிந்தது. நெடுநேரம் கழித்துக் குட்டி கண் திறந்தது.

மறுநாள் நரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு யானையிடம் போனது.

“யானையண்ணே, மரத்தைக் குளத்துக்குக் குறுக்கே மாற்றிப் போடுங்கள்!”

“முதலை ஏறி வந்துவிடுமே?” என்றது யானை, சிரிக்காமல்.

நரி மண்ணைக் கீறியது. “முதலைக்குத்தான் நாலு கால் இருக்கிறதே அண்ணே! வருவதானால் எப்போதோ வந்திருக்கும்!”

ஊருக்கான வழியைத் தன் பக்கம் வளைப்பவன், தனக்கே ஆபத்து வரும்போது வழியில்லாமல் தவிப்பான்.