ஓடக்காரியின் வணக்கம்

குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

ஊர் சிரிக்காமல் இருக்குமா? "அரண்மனையில பொன்னாடை வாங்கின மனுஷன், மடத்துல ஒரு பொம்பளைகிட்ட பாடம் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காரே" என்று ஆற்றில் குளிக்க வந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். மடத்துத் தலைவி உலகம்மையார் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உமையொருபாகக் கவிராயர் காதில் விழாதவர்போல இருந்துகொண்டார்.

கவிராயர் ஞானம் தேடி வந்தவர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துரத்திவிட்டதால் வந்தவர்.

அவர் சுந்தரபூபதி ராஜாவின் அவைப் புலவராக இருந்தார். ராஜாவின் மேல் ஒரு காவியம் பாடினார். பத்துப் பாட்டுக்கு ஒரு தடவை ராஜாவின் பெயர் வரவேண்டும் என்பது அந்தச் சபையின் வழக்கம். சோறு போடுகிறவர் பெயர் அடிக்கடி காதில் விழ வேண்டாமா? கவிராயரும் எண்ணி எண்ணி வைத்தார். நாளாக ஆக எண்ணவும் வேண்டியிருக்கவில்லை, பத்தாவது பாட்டு வந்தால் கை தானாகவே பெயரை எழுதிவிடும்.

காவியத்தின் நடுவில் ஒரு போர் வரும். அது நிஜமாகவே நடந்த போர்தான். பக்கத்துப் பாளையத்தார் ஓட்டிப்போன பட்டத்து யானையை மீட்பதற்காக நடந்தது. யானை திரும்பி வந்தது. போன பிள்ளைகளில் பாதிப்பேர் வரவில்லை. அந்த நாட்களில் ஓர் ஓடக்காரி அரண்மனை வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தாள். காவலர்கள் அவளை உள்ளே விடவில்லை. கவிராயர் தினமும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனார்.

வாசலில் நின்றவளைக் கவிராயர் காவியத்தில் சபைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் பேசுகிற பாட்டு பத்தாவதாக விழுந்தது. கை தன் வழக்கப்படி பெயரை எழுதிவிட்டது.

அக்கரை போனவர் அத்தனை பேரையும்
இக்கரை சேர்த்தேன், இதுதான் என்தொழில்;
ஆனை திரும்பி வந்தது பார்த்தேன்;
சுந்தர பூபதி, என்மகன் எங்கே?

அரங்கேற்றத்தில் இதை வாய்விட்டுப் படித்த பிறகுதான், தான் என்ன செய்திருக்கிறோம் என்பது கவிராயருக்கே உறைத்தது. ராஜா எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே கவிராயர் எல்லைக்கு வெளியே இருந்தார். மனைவி பிச்சம்மாளையும் பன்னிரண்டு வயதுப் பெண் கோமுவையும் அழைத்துப் போக உத்தரவு கிடைக்கவில்லை.

அது ஆறு வருஷத்துக்கு முன்பு.

ஆறு வருஷமாக அவருக்கு மடத்துச் சோறு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகவே இறங்கியது. ஆனால் சாப்பிட்டுக் கை கழுவ ஆற்றுக்குப் போனால் லேசில் திரும்ப மாட்டார். அந்த ஆறு அவருடைய ஊருக்குத்தான் போகிறது. கை கழுவிய தண்ணீர் ஊருக்குப் போகிறது, தான் போக முடியவில்லையே என்று பார்த்துக்கொண்டே நிற்பார். கோமு சின்னவளாக இருந்தபோது முறுக்கு தின்ற கையோடு வந்து ஓலைக்கட்டின்மேல் உட்கார்ந்துகொள்வாள். எண்ணெய்க் கறை படிந்த அந்த ஓலைகளுக்காக அவளை ஒருநாள் அடித்திருக்கிறார். அந்தக் கறை ஓலைகளில் ஒன்றாவது இப்போது கையில் இருக்கக் கூடாதா என்று ஏங்கினார்.

ஒருநாள் காலையில் மடத்து வாசலில் பல்லக்கு வந்து இறங்கியது. கூடவே அரண்மனைக் காவல் தலைவன் கூத்தப்பன். முரட்டு மீசை, மரியாதையான பேச்சு.

"ராஜா உங்களை அழைச்சுட்டு வரச் சொன்னாங்க, ஐயா. காவியம் மறுபடியும் அரங்கேறட்டும்னாங்க."

கவிராயர் பல்லக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஓடக்காரி பாட்டு?"

"அதை எடுக்க வேண்டாமாம். எடுத்தா மட்டும் போயிருமா? ஊர் வாயில ஏறிட்டுதே. அதுக்கு அடுத்தாப்புல ஒரே ஒரு பாட்டுச் சேர்க்கணுமாம். அவ ராஜாவை வணங்கணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வர்ற மாசம் உங்க பெண்ணுக்குக் கல்யாணம். நீங்களே தாரை வார்த்துக் கொடுக்கலாம்."

கவிராயர் கண் நிறைந்துவிட்டது. "கோமுவைப் பார்த்தீரா?"

"பார்த்தேன். பல்லக்குப் புறப்படும்போது உங்க வீட்டு வாசல்ல நின்னுச்சு."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல, ஐயா. பல்லக்கையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு."

உலகம்மையார் முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கவிராயர் அவர் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, ஒரு ராஜா முன்னால ஒரு பாட்டு என்னத்துக்கு ஆகும்? படை இருக்கு, சிறை இருக்கு, ஊரைவிட்டு விரட்ட ஒரு விரலசைவு போதும். என் பாட்டு ஒரு ஓடக்காரி மகனைத் திருப்பிக் கொண்டு வந்துதா? என் பெண்ணை என்கிட்டேருந்து பிரிச்சதுதான் மிச்சம்."

உலகம்மையார் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளி எறிந்தார். "பாட்டை எழுதுங்க. பிறகு பேசலாம்."

கவிராயர் எழுத உட்கார்ந்தார். ஆறு வருஷமாக நல்லதாக ஒரு வரிகூட வராதவருக்கு அன்று மழை கொட்டுகிறாற்போல வந்தது. ஒவ்வொரு எழுத்திலும் அவருக்கு ஊர்த் தெரு தெரிந்தது. பிச்சம்மாள் தாளிக்கிற வாசனை வந்தது. மணவறையில் கோமுவின் கையைப் பிடித்துக்கொண்டு தாம் நிற்பது தெரிந்தது. உச்சிவேளைக்குள் பாட்டு முடிந்துவிட்டது. சந்தோஷத்தில் ஓலையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிப்போய்ப் படித்தார்.

கேட்டதைப் பொறுப்பாய், கோவே, என்பிள்ளை
நாட்டுக்கு ஈந்தேன், நானதில் மகிழ்ந்தேன்;
வாட்டம் எனக்கில்லை, வணங்கினேன், நின்குடை
கோட்டம் இன்றிக் குளிர்கபல் லாண்டே.

உலகம்மையார் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "பாட்டு நல்லா இருக்கு."

கவிராயருக்கு உச்சி குளிர்ந்தது. குருவிடமிருந்து திட்டு வரும் என்றல்லவா பயந்திருந்தார்.

"கூத்தப்பரைக் கூப்பிடுங்க. அவரும் கேட்கட்டும்" என்றார் உலகம்மையார்.

கூத்தப்பன் வந்து ஓரமாக உட்கார்ந்தான்.

"பழைய பாட்டு உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் உலகம்மையார்.

"தெரியாமலா, தாயே? அதைப் பாடுறவங்களைப் பிடிக்கிற வேலையே என்னோடதுதானே. பாட்டு தெரியாம ஆளைப் பிடிக்க முடியாதுன்னு காவக்காரங்க அத்தனை பேரையும் மனப்பாடம் பண்ண வச்சாங்க."

"பாடும்."

அவன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். இங்கே தன்னைப் பிடிக்க ஆளில்லை என்று நிச்சயமானதும் பாடினான். கட்டைக் குரல்தான். ஆனால் கடைசி வரிக்கு வரும்போது கவிராயருக்கே யாரோ எழுதிய பாட்டு மாதிரி இருந்தது.

"நல்லாப் பாடுறீரே" என்றார் உலகம்மையார்.

"கேட்டுக் கேட்டுப் பழக்கம். நடவு வயல்ல பாடுவாங்க, மாவு இடிக்கும்போது பாடுவாங்க. பிடிக்கப் போனா, பாடி முடிக்கட்டும்னு நிப்பேன்."

"ஏன் நிக்கணும்?"

கூத்தப்பனுக்கு அது கேள்வியாகவே படவில்லை. "பாதியில எப்படித் தாயே பிடிக்கிறது?"

உலகம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, உம்ம ராஜாவுக்கு யானை இருக்கு, சேனை இருக்கு. இந்த ஓடக்காரி வணக்கம் எதுக்காம்?"

கூத்தப்பன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கெப்படித் தெரியும்? ஆனா குளிக்கும்போது ராஜாவே பழைய பாட்டை முணுமுணுக்கிறாங்கன்னு அந்தப்புரத்துல பேச்சு. பெயர் வர்ற இடத்துல நிறுத்திருவாங்களாம்."

"கவிராயரே, புதுப் பாட்டைச் சொல்லுங்க."

கவிராயர் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் அதன் இடத்தில் கச்சிதமாக விழுந்தது. கூத்தப்பன் கடைசிவரை தலை குனிந்து கேட்டான். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"நல்ல பாட்டு, ஐயா. ராஜாவுக்குப் பரம சந்தோஷமா இருக்கும். எனக்கும் வேலை மிச்சம்."

"உமக்கு என்ன வேலை மிச்சம்?" என்றார் கவிராயர்.

"ஓடக்காரியே வணங்கிட்டா. இனிமே அவ பாட்டை யாரும் பாட மாட்டாங்களே."

அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னான். சொல்லிவிட்டு, பல்லக்குத் தூக்கிகள் சாப்பிட்டாயிற்றா என்று பார்க்கப் போய்விட்டான்.

முற்றத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள். கவிராயருக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நான் படைச்சவதானே அம்மா அவ? என் காவியம், என் ஓலை. அவளை வணங்க வைக்க எனக்கு அதிகாரம் கிடையாதா?"

"இருக்கு. அவ மகனைச் சண்டைக்கு அனுப்ப ராஜாவுக்கு இருந்த மாதிரி."

கவிராயர் விடவில்லை. "அப்படின்னா அந்தக் கேள்வி? அதையும் நான்தானே எழுதினேன்?"

"எழுதினீங்களா, கேட்டீங்களா?"

கவிராயர் ஓலையைப் பார்த்தார்.

"கேட்டேன். 'ஆனை வந்துட்டுது, என் மகன் எங்கே'ன்னு வாசல்ல நின்னு கத்திக்கிட்டே இருந்தா. நான் தினம் அவளைத் தாண்டிப் போனேன். கடைசியில மனசு கேட்கல. அவளாலதான் உள்ளே வர முடியல, அவ குரலாவது வரட்டும்னு கொண்டுபோனேன்."

"வணங்கினாளா?"

"எப்ப?"

"எப்பவாவது."

கவிராயர் ஓலையைக் கீழே வைத்தார். பிறகு, "ஒருநாள் காவக்காரங்க பிடிச்சுத் தள்ளினாங்க. விழுந்தா. எழுந்து, புழுதியைத் தட்டிக்கிட்டு, நின்ன இடத்துலயே மறுபடியும் வந்து நின்னா" என்றார்.

உலகம்மையார் ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

பல்லக்கு தயாராகிவிட்டது. கூத்தப்பன் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கவிராயர் வெறுங்கையோடு வந்தார்.

"பாட்டு இல்லை, கூத்தப்பரே."

"இப்பத்தானே ஐயா சொன்னீங்க? நான் கேட்டேனே."

"அது என் ஆசை. அவ பாட்டு இல்லை."

கூத்தப்பன் மீசையைத் தடவினான். அவனுக்கும் மூன்று பெண்கள். "ஐயா, கல்யாணம்."

"தெரியும்."

"பாட்டு இல்லாம எல்லைக்குள்ள கால் வச்சா நான்தான் உங்களைப் பிடிக்கணும்."

"அதுவும் தெரியும்."

கூத்தப்பன் பிடித்திருந்த திரையை விட்டான். கவிராயரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஆட்களுக்குச் சைகை செய்தான். வெறும் பல்லக்கு எடைக் குறைவால் ஆடி ஆடிக்கொண்டு ஆற்றோரப் பாதையில் போயிற்று. கவிராயர் பார்த்துக்கொண்டே நின்றார். மருத மரங்களுக்குப் பின்னால் அது மறைந்த பிறகு, அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஐம்பது வயது ஆண்பிள்ளை அழுகிறாரே என்று குளிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

உலகம்மையார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பல்லக்கு நேரே என் வீட்டுத் தெருவுக்குத்தான் போகும், அம்மா" என்றார் கவிராயர். "கோமு ஓடி வந்து திரையை விலக்கிப் பார்ப்பா."

"பார்ப்பா."

"'பாட்டாவது ஒண்ணாவது, நீங்க வந்தாப் போதும் அப்பா'ன்னுதான் அவ அன்னைக்கு வாசல்ல நின்னிருப்பா. எனக்குத் தெரியாதா? வராத அப்பனை அவ ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டா."

"அதை அவ சொல்லணும், கவிராயரே" என்றார் உலகம்மையார். "அவ பாட்டையும் நீங்களே எழுதிராதீங்க."