சின்னக் கால் முன்னே

மலையடிவாரத்து மடத்தில் ஒரு குரு இருந்தாள். மலையம்மை என்று பேர். குரு என்றதும் வெண்தாடியும் கமண்டலமும் எதிர்பார்த்து வருகிறவர்கள், முற்றம் பெருக்கிக்கொண்டிருக்கும் அவளிடமே "குரு எங்கே?" என்று கேட்பார்கள். அவளும் பெருக்கி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

நம்பிராசன் அப்படிக் கேட்கவில்லை. அவளைவிட வயதில் மூத்தவன். வந்ததும் படியில் உட்கார்ந்தான், மழை வந்தும் எழுந்திருக்கவில்லை. உள்ளே வரச் சொன்னாள், வந்தான். சோறு போட்டாள், தின்றான். என்ன கறி என்று கேட்டிருந்தால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

சில நாள் கழித்து அவனாகவே கேட்டான்.

"தாயே, நான் முன்னால நடந்திருந்தா அவ பிழைச்சிருப்பாளா?"

யார் என்று அவள் கேட்கவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான்.

நம்பிராசனுக்கு வண்டிப்பட்டறை. மனைவி செண்பகவல்லி. மகன் இசக்கி, அவனுக்கு இளையவள் பூரணி. ஊரில் மற்றவர்கள் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கிளம்புவது போல இந்த நாலு பேரும் காட்டுக்குக் கிளம்புவார்கள். ஐப்பசி அடைமழை ஓய்ந்த காலையில் காளான் பறிக்க. மார்கழியில் பனியோடு பனியாகக் குளத்தில் இறங்கும் நாரைகளைப் பார்க்க. பங்குனியில் சருகு மிதித்து, இலுப்பைப் பூ உதிரும் மேட்டுக்கு. ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் ஓடைக்கு. கட்டுச்சோற்று மூட்டையோடு அவர்கள் தெருவில் இறங்கினால், சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிறவர்கள் என்று வாசலில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். நம்பிராசனும் சேர்ந்து சிரிப்பான். அப்போது அவனுக்குச் சிரிப்பு வரும்.

தொடக்கத்தில் அவர்கள் வரிசை பார்த்து நடந்ததில்லை. ஒரு பங்குனியில், பின்னால் வந்துகொண்டிருந்த இசக்கி காணாமல் போனான். அவன் அப்போது சின்னப் பயல், பூரணி அம்மா இடுப்பில் இருந்தாள். பொழுது சாயும்வரை தேடி, ஒரு பாறையடியில் அழுது குரல் கம்மிப்போய் உட்கார்ந்திருந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு நம்பிராசன் வீட்டில் ஒரு சட்டம் போட்டான். சின்னக் கால் முன்னே.

வீட்டில் யார் இளையவரோ அவர்தான் முன்னால் நடப்பார். அவர் வேகந்தான் எல்லாருக்கும் வேகம். அப்பா கடைசி. இனி யாரும் பின்தங்க முடியாது, யாரும் தொலைய முடியாது. அந்தச் சட்டத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பூரணிக்குக் கால் வந்ததும் அவள் முன்னே வந்தாள். கையில் ஒரு குச்சி. அவளுக்குப் பின்னால் இசக்கி, அப்புறம் அம்மா, அப்புறம் அப்பா. அவள் நின்றால் குடும்பமே நிற்கும். அவள் ஒரு மரவட்டையைக் குனிந்து பார்த்தால் அத்தனை தலையும் குனியும்.

போன ஆனியில் ஒரு நாள். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். எப்போதும் கடக்கிற இடந்தான். பூரணி கரையில் நின்று திரும்பி, போகட்டுமா என்று அப்பாவைக் கேட்டாள். அவன் போ என்றான். மேலே மலையில் மழை கொட்டித் தீர்த்திருந்தது கீழே யாருக்கும் தெரியாது. அவள் குச்சியை ஊன்றி நடு ஓடைக்குப் போயிருந்தபோது தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கி வந்தது. இசக்கி ஒரு காலை வைத்தவன் அதைப் பின்னுக்கு எடுத்தான். நம்பிராசன் இரண்டு பேரைத் தாண்டி ஓடிவர வேண்டியிருந்தது.

மறுநாள் கீழே தடுப்பணையில் கிடைத்தாள்.

ஊர் திரண்டு வந்து ஆறுதல் சொன்னது. அவள் ஆயுசு அவ்வளவுதான் என்றார்கள். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்றார்கள். அவனிடம் போய்த் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. செண்பகவல்லி மட்டும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாமல் போனது. பட்டறையைப் பூட்டினான், சாவியை அவளிடம் கொடுத்தான், மடத்துக்கு வந்துவிட்டான்.

இதுதான் அவன் சொன்னது. சொல்லி முடித்துவிட்டுக் கேள்வியைத் திரும்பக் கேட்டான். முன்னால் நடந்திருந்தால்?

மலையம்மை வானத்தைப் பார்த்தாள். ஐப்பசி மழை விட்டிருந்தது.

"வாரும். காளான் முளைச்சிருக்கும்."

இனி இந்த ஜென்மத்தில் காட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்றான் அவன்.

"நீர் முன்னால போம். நான் பின்னால வாரேன்."

குரு சொன்னால் சீடன் தட்டக் கூடாது. போனான். பாதை வழுக்கியது. முன்னால் நடக்கிறவனுக்கு வேலை அதிகம். கிளையை விலக்க வேண்டும், குழி பார்க்க வேண்டும். அட்டை கடித்தால் குனிந்து எடுக்கக்கூட நேரமில்லை. இங்கே பள்ளம், இங்கே வழுக்குப் பாறை என்று சொல்லிக்கொண்டே போனான். எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னான். ஒரு திருப்பத்தில் பதில் வராதது உறைத்துத் திரும்பினால், பின்னால் ஆள் இல்லை.

வந்த வழியே ஓடினான். வெகுதூரம் கீழே, ஒரு மரத்தடியில் அவள் உட்கார்ந்து மடியில் காளானைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப உக்காந்தீங்க?"

"நீர் அந்தப் பெரிய பாறையைத் தாண்டும்போதே."

அவன் மூச்சு வாங்க நின்றான். இப்படித்தான் இசக்கி தொலைந்தான் என்று முனகினான். அவள் காளானை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

மார்கழி வந்தது. அவன் வேறு மாதிரி கேட்டான். பின்னால் நடந்தது தப்பில்லை, கண்ணை எடுத்ததுதான் தப்பு. அன்றைக்குச் செண்பகவல்லியிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டு நின்றான். கண் எடுக்காமல் பார்த்திருந்தால்?

"அப்ப இன்னைக்கு நான் முன்னால போறேன். கண்ணை எடுக்காதேயும்."

விடிந்தும் விடியாமலும் குளத்துப் பாதையில் நடந்தார்கள். குளத்தில் நாரை இறங்கும் சத்தம் கேட்டது. பூரணி அவற்றுக்கெல்லாம் பேர் வைத்திருந்தாள். நம்பிராசன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இமை கொட்டினால்கூடப் பாவம் என்பது போல மலையம்மையின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தான். பனி இறங்கியது. முதலில் அவள் கால் மறைந்தது, அப்புறம் இடுப்பு. பிறகு அவன் பார்த்துக்கொண்டிருந்தது வெறும் வெள்ளையை.

கூப்பிட்டான். பதில் இல்லை. கையை நீட்டித் துழாவிக்கொண்டு ஓடி, நின்றுகொண்டிருந்த அவள் மேலேயே மோதினான்.

"கண்ணை எடுத்தீரா?"

"எடுக்கல."

"பிறகு?"

"பனி மறைச்சிட்டு."

பனி விலகுமட்டும் இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அவன் அழுதான். அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

பங்குனியில் அவன் கேட்கக்கூட இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டினான், மறு முனையை நீட்டினான். கையைப் பிடித்திருந்தால் என்பதுதான் அவனிடம் மிச்சம் இருந்த கடைசிச் சந்தேகம். அவள் கையை நீட்டிக் கட்டிக்கொண்டாள்.

இலுப்பை மேட்டுக்கு ஏறினார்கள். காலடியில் சருகு முழங்கால் உயரத்துக்கு. பூ வாசம் வந்ததும் நம்பிராசனுக்கு நடை தடுமாறியது. உதிர்ந்த பூவைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு, எனக்கு எனக்கு என்று அண்ணனோடு சண்டை போடுகிறவள் நினைவில் வந்துவிட்டாள். கால் சருகில் சறுக்கியது. துண்டு அவிழவில்லை. அவிழாததால் அவளையும் இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டான். முள் புதரில் போய்த்தான் நின்றார்கள். மலையம்மையின் முழங்கையில் ரத்தம் வந்தது.

அவன் கட்டை அவிழ்க்காமல் வானத்தைப் பார்த்துக் கிடந்தான்.

"கையைப் பிடிச்சிருந்தாலும் அவ போயிருப்பா. நானும் போயிருப்பேன்."

"போயிருப்பீரு."

"அதுதான் நல்லா இருந்திருக்கும்."

அவள் முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிப் போட்டாள். அப்படிச் சொல்லாதே என்று சொல்வாள் என்று அவன் காத்திருந்தான். சொல்லவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனவனுக்குச் சாண் என்ன, முழம் என்ன. அவனாகவே எழுந்து, அவனாகவே துண்டை அவிழ்த்தான். அன்றையிலிருந்து அவன் எதுவும் கேட்பதை விட்டுவிட்டான். முற்றம் பெருக்கினான், விறகு பிளந்தான், படியில் உட்கார்ந்தான். கேள்வி இருந்தவரைக்கும் பிடித்துக்கொள்ள அது ஒன்றாவது இருந்தது.

ஆனி பிறந்து முதல் சாரல் விழுந்த காலையில் செண்பகவல்லி மடத்துக்கு வந்தாள். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நனைந்து வந்தாள். மெலிந்திருந்தாள். நம்பிராசன் துடைப்பத்தை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மலையம்மை வெந்நீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, புருஷனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"உங்களைக் கூட்டிட்டுப் போக வரல. ஒரு விஷயம் சொல்லணும். சொல்லிட்டுப் போயிருதேன்."

அவள் சொன்னது இது. இசக்கி ஒரு வருஷமாகக் காட்டுக்குப் போகிறான். ஐப்பசியில் போனான், மார்கழியில் போனான், பங்குனியில் போனான். அடித்துப் பார்த்தாள், கதவைப் பூட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. கடைசியில் அவளும் கூடவே போனாள். அவன் வேகமாக நடக்கிற வயசுப் பையன். ஆனால் காட்டில் அப்படி நடப்பதில்லை. குட்டிக் குட்டியாக எட்டு வைக்கிறான். முன்னால் ஓர் ஆள் போவது போல இடம் விட்டுத்தான் நடக்கிறான். வழியில் ஒன்றுமில்லாத இடத்தில் நிற்கிறான், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப நடக்கிறான்.

நம்பிராசன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"போன வாரம் என்கிட்டக் கேக்கான். நான் அன்னைக்குத் தொலையாம இருந்தா பூரணி முன்னால நடந்திருக்க மாட்டால்லாம்மான்னு."

செண்பகவல்லி நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"நான் என்ன சொல்ல? அன்னைக்கு நான் சோறு கட்ட நேரமாக்கிட்டேன். விரசலாக் கிளம்பியிருந்தா மழைக்கு முன்னால திரும்பியிருப்போம். நான் அதைச் சொல்லவா, நீங்க போன்னு சொன்னதைச் சொல்லவா?"

இத்தனை நாள் அவள் குறை சொல்லாததற்குக் காரணம் இதுதான் என்று நம்பிராசனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் குறை சொல்ல வேண்டிய ஆள் வேறு ஒருத்தி இருந்தாள், அவளேதான். அந்த ஆளோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். பையனும் அப்படித்தான் இருந்திருக்கிறான். தான் ஒருவன்தான் சுமக்கிறோம் என்று மலையடிவாரத்தில் வந்து உட்கார்ந்திருந்தவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

செண்பகவல்லி எழுந்தாள். சாரல் விழுந்துவிட்டதால் இசக்கி ஓடைக்குப் போயே தீருவேன் என்று நிற்கிறான், கூட வந்திருக்கிறான், கீழே பாதையில் நிற்கிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான் என்றாள். படியிறங்கப் போனவள் நின்றாள்.

"இன்னொண்ணு. நடக்கையில அடிக்கடி திரும்பிப் பாக்கான். பின்னால நான்தான் வாரேன். என்னைத் தாண்டிப் பாக்கான்."

அவள் இறங்கிப் போனாள்.

மடத்து வாசலிலிருந்து பார்த்தால் பாதை தெரியும். சாரலில் ஒரு பையன் நிற்பது தெரிந்தது. உயர்ந்திருந்தான். கையில் ஒரு குச்சி. அம்மா பக்கத்தில் வந்ததும் நடக்கத் தொடங்கினான், சின்னச் சின்ன எட்டாக.

நம்பிராசன் மலையம்மையைப் பார்த்தான். அவன் முகம் கோணியது.

"நான் போனா பூரணி வருவாளா?"

"வரமாட்டா."

"ஓடையில தண்ணி வந்தா இவனையாவது நான் காப்பாத்துவேனா?"

"தெரியாது."

"முன்னால நடந்தாலும் முடியாது. பார்த்துக்கிட்டே நின்னாலும் முடியாது. கையைப் பிடிச்சாலும் முடியாது. எல்லாத்தையும் நீங்கதான் காட்டினீங்க. பிறகு எதுக்குத் தாயே நான் அவன் பின்னால போகணும்?"

மலையம்மை அவன் கீழே வைத்திருந்த துடைப்பத்தைக் குனிந்து எடுத்தாள். முற்றத்தில் பாதி பெருக்காமல் கிடந்தது.

"அவன் திரும்பிப் பாக்கையில அங்க நிக்கதுக்கு."