பட்டத்து யானையின் பேதி மருந்து

வேங்கைமலை அரண்மனையில் ஆதிமூலம் என்றொரு சோதனை அதிகாரி இருந்தார். அவர் பார்க்காமல் ஒரு கடுகுகூட உள்ளே போகாது. அரசருக்கு அதில் ஏகப் பெருமை. எனக்கோ அந்த மனிதரை நினைத்தாலே எரிச்சல்.

ஏனென்றால், மருந்துக் கூடை வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, யாருக்கு என்று எழுதிக் கட்டியிருக்கும் ஓலையைப் பிய்த்து எறிவதுதான். "உள்ளே இருப்பதுதானே சரக்கு? ஓலையையா விழுங்கப் போகிறார்கள்?" என்பார். பிறகு ஒவ்வொரு உருண்டையாகப் பார்ப்பார். சுண்டைக்காய் அளவு இருந்தால் கூடைக்கு முத்திரை. பெரிதாக இருந்தால் விஷம்!

ஒருமுறை பட்டத்து யானைக்கு மூன்று நாளாக மலச்சிக்கல். வைத்தியர் திருமேனி மாங்காய் பருமனில் ஐந்து உருண்டை பிடித்து அனுப்பினார். ஆதிமூலம் வழக்கம்போல ஓலையைப் பிய்த்தார். உருண்டையைப் பார்த்ததும் அலறினார்.

"இதைத் தின்றவன் பிழைப்பானா? அரசரைக் கொல்லச் சதி!"

"ஐயோ, அது யானைக்கு!" என்று வைத்தியர் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. மூன்றாம் நாள் தலை போகும் என்று தீர்ப்பாகிவிட்டது.

இதைக் கேட்டார் அவை விகடர் கூத்தரசன். வைத்தியர் மனைவியிடம் ஓடினார். அதே மருந்தை அதே அளவில் அரைத்து, ஐந்நூறு சுண்டைக்காய் உருண்டைகளாகப் பிடிக்கச் சொன்னார். பழையபடியே ஓலை கட்டி, சோதனைக்குத் தானே எடுத்துப்போனார்.

ஆதிமூலம் ஓலையைப் பிய்த்தார். ஐந்நூறையும் பார்த்து முடிக்க உச்சிப்பொழுதாகிவிட்டது. முத்திரை விழுந்தது. கீழே கிடந்த ஓலையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, கூடையோடு ஆதிமூலத்தையும் அவைக்கு அழைத்துப் போனார் கூத்தரசன்.

"அதிகாரி ஐயா, உங்கள் முத்திரை இருந்தால் நம்பிச் சாப்பிடலாமா?"

"கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்!"

"நல்லது. உங்களுக்கு வயிற்றுப் பொருமலாமே. இது பேதி மருந்து. அரசர் முன்னிலையில் இப்போதே சாப்பிடுங்கள்."

"எத்தனை உருண்டை?"

"ஐந்நூறும்தான். ஒவ்வொன்றும் நீங்கள் சரி பார்த்ததுதானே?"

ஆதிமூலத்துக்கு முகம் வெளிறியது. "அடப்பாவி! யாருக்குச் செய்த மருந்து இது?"

"அப்பாடா! இதை முதல் நாளே கேட்டிருந்தால் வைத்தியர் சிறைக்குப் போயிருக்க மாட்டாரே!" என்று கூத்தரசன் ஓலையை நீட்டினார். 'பட்டத்து யானைக்கு' என்றிருந்தது.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வைத்தியரை விடுவித்தார். கூத்தரசனுக்கு முத்துமாலை போட்டார். மருந்து யானைக்குப் போனது.

"அரசே, எனக்கு என்ன தண்டனை?" என்று ஆதிமூலம் நடுங்கினார்.

"தண்டனையா? உமக்குத் தெரிந்த வேலைதான். மருந்து கேட்டதா என்று சோதிக்க வேண்டும். போய் யானைக்குப் பின்னால் நில்லும்!"