கடைக்கோடித் தெருவுக்கு முதல் தண்ணீர்

குரு மெய்யம்மைக்கு வயது நாற்பதுதான். சீடர் தணிகாசலம் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். பெரிய நகரம் ஒன்றின் குடிநீர் வாரியத்துக்குத் தலைமைப் பொறியாளர். மடத்து வாசலில் செருப்போடு அதிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்று செருப்பு மட்டும்தான் கழன்றது.

"மனசே சரியில்லைம்மா," என்றார்.

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கீரைக்கட்டு ஒன்றை எடுத்து அவர் முன்னால் தள்ளினார். இருவரும் ஆய்ந்தார்கள்.

"ஆவினங்காடுன்னு ஒரு சின்ன ஊரு. அந்த ஊர்க் குடிநீர்க்காரங்களும் நாங்களும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கணும்னு ஒரு ஏற்பாடு. எங்க ஆளுங்க போய்க் குழாய்க் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தாங்க. குளோரின் கலக்கச் சொல்லிக்கொடுத்தாங்க. இப்ப அங்க பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்கு குறைஞ்சிருக்கு."

"நல்லதுதானே?"

"மேலிடம் நம்ப மாட்டேங்குது. நல்ல மழை, புதுசா மேல்நிலைத் தொட்டி, அதனாலதான்னு சொல்றாங்க. இந்த ஏற்பாட்டால என்ன பலன்னு அளந்து காட்டு, இல்லேன்னா நிறுத்திடுவோம்கிறாங்க. நிறுத்தினா அந்த ஊரு பாதியில நிக்கும்மா. நான் எதை வச்சு அளக்கறது?"

"மழையும் தொட்டியும் கொண்டுவராதது ஏதாவது இருக்கா?"

"ஆவினங்காட்டுல தேடித் தேடிப் பார்த்துட்டேன்."

"உங்க ஊர்ல?"

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது.

"எங்க ஊர்லயா? நாங்க சொல்லிக்கொடுக்கப் போனவங்கம்மா."

குரு பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

தலைமைப் பொறியாளர் கையிலிருந்த கீரைத்தண்டைக் கீழே வைத்தார்.

"ஆவினங்காட்டுல ரெஜினான்னு ஒரு பொறியாளர் இருக்காங்க. வாரத்துல ஒரு நாள் மத்த தெரு வால்வையெல்லாம் மூடிட்டு, தண்ணி சரியா எட்டாத கடைக்கோடித் தெருவுக்குத்தான் முதல்ல விடுவாங்க. அதைப் பார்த்து நாங்களும் அப்படியே செய்யறோம். எங்க ஊர்க் கடைசித் தெருக்காரங்க காலிக் குடத்தோட மறியல் பண்றதே நின்னுபோச்சு."

"அது மழையும் தொட்டியும் கொண்டுவராததுதானே? மேலிடத்துல சொன்னீங்களா?"

"இல்லைம்மா."

"ஏன்?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. "இத்தனை வருஷ அனுபவத்தை வச்சுக்கிட்டு, ஒரு சின்ன ஊர்க்காரங்ககிட்ட கத்துக்கிட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

குரு ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப ஆவினங்காட்டைப் பாதியில விடப்போறது மேலிடம் இல்லீங்களே," என்றார்.