எத்திராஜ் குலுக்கிய டப்பா

எனக்குத் துரோகம் செய்தவன் எத்திராஜ். பல வருஷங்களுக்கு முன், பந்தயத்தில் பறந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த என் சாம்பல் புறாவை, தன் மொட்டைமாடியில் கம்பு டப்பாவைக் குலுக்கி இறக்கிக்கொண்டான். சிறகில் நான் குத்தியிருந்த முத்திரையையும் அழித்துவிட்டான். போய்க் கேட்டதற்கு, "உன் புறாவா? நான் பார்க்கலியே" என்றான்.

அந்தப் புறா இந்நேரம் செத்திருக்கும். "உன் புறாதான்" என்று அவன் வாயால் சொன்னால் போதும் எனக்கு.

இந்தக் கோடை முழுக்க என் இளம் புறாக்களை நான் பறக்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தயம். மாடிப்படி ஏறவே மனம் வரவில்லை.

எனக்குப் புறா பழக்கக் கற்றுக்கொடுத்தவர் தஸ்தகீர் பாய். என்னைவிட வயதில் சின்னவர். பக்கத்துத் தெருவில் அவர் மாடிக்குப் போனேன்.

"வாத்தியாரே, எதுலயும் மனசு ஓட மாட்டேங்குது. ஏன்?"

"டீக்கடைக்கு மட்டும் விடிஞ்சதும் ஓடுறீங்களே, அண்ணே."

"அங்க எத்திராஜ் வருவான். என்னைப் பார்த்தா தொண்டையைச் செருமுவான். 'உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா'ம்பான். அப்புறம் டீயைக் குடிச்சிட்டுப் போயிடுவான்."

பாய் ஒரு தகர டப்பாவை எடுத்துக் குலுக்கினார். கைப்பிடிச் சுவரில் இருந்த வெள்ளைப் புறா கழுத்தை நீட்டியது. உடம்பெல்லாம் நடுங்கப் பறந்து வந்தது. கம்பைக் கொட்டினார். அது அமைதியாகக் கொத்தித் தின்றது.

"எப்போ துடிச்சுது?"

"சத்தம் கேட்டப்போ."

"கம்பு கிடைச்சப்போ?"

"சும்மா தின்னுச்சு."

"மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்குதாம். நர்ஸுக்குப் படிக்கிற என் பொண்ணு சொல்றா. பழகிட்டா, தீனிக்கு முன்னாடி, சத்தத்துக்கே சுரந்துடுமாம். அதுதான் பிடிச்சுத் தள்ளுதாம்."

மிச்சக் கம்பை வழித்தெடுத்துவிட்டு, டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினார். புறா வந்தது. ஏமாந்து போனது. மறுபடி குலுக்கினார். மறுபடி வந்தது.

"தவறாம போட்டா மெதுவா வரும். போடவே மாட்டான்னு தெரிஞ்சா வராது. போட்டாலும் போடுவான்னு இருந்தா, இந்த மாடியை விட்டு நகராது."

எனக்குக் கோபம் வந்தது. "என்னைப் புறாங்கிறீங்களா?"

"புறா ராத்திரியானா தூங்கிடுது, அண்ணே."

"அப்போ அவன் சொல்ல வேண்டாமா? நியாயம்னு ஒண்ணு இல்லியா?"

"இருக்கு. அவன் சொல்லித்தான் ஆகணும்."

வெள்ளைப் புறாவைக் கையில் எடுத்து, சிறகை விரித்துத் தடவிக்கொடுத்தார். என் வீட்டுக் கூண்டில் சிறகுகள் அடித்துக்கொள்ளும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

"சொல்லிட்டான்னு வைங்க. மறுநாள் காலையில எதுக்கு எந்திரிப்பீங்க?"

நான் எழுந்து படியிறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மாடியிலிருந்து ஒரு புறாவும் எழும்பவில்லை. இன்று காலையும் எத்திராஜ் தொண்டையைச் செருமினான். இன்னும் சொல்லவில்லை.